சிம்மன்ஸ்: ஒரு மெத்தைக் கம்பெனியும் அதன் கடனும்

எங்கள் பட்டறைக்கு வரும் பழைய மெத்தைகளைப் பிரிக்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. மேலே எல்லா மெத்தையும் ஒரே மாதிரிதான் இருக்கும். பூப் போட்ட துணி, குயில்டிங், ஓரத்தில் பட்டி. பிரித்தால்தான் செய்தவருடைய மனசு தெரியும். எங்கே நல்ல ஃபெல்ட் (அமுக்கிய பஞ்சு விரிப்பு) வைத்திருக்கிறார், எங்கே கழிவு ஃபோமைப் பொடியாக்கி ஒட்டி ஒப்பேற்றியிருக்கிறார் என்பதெல்லாம் உள்ளே இருக்கிறது.

கோவையில் எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை போனல் ஸ்பிரிங் மெத்தைகள். நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் அகன்ற கம்பிச் சுருள்களை இன்னொரு மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று பின்னியிருப்பார்கள். ஒரு சுருளை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து இறங்கும். அதனால்தான் ஒருவர் புரண்டு படுத்தால் பக்கத்தில் படுத்திருப்பவரும் ஆடுகிறார். எப்போதாவது பாக்கெட் ஸ்பிரிங் மெத்தை ஒன்று வரும். அதில் ஒவ்வொரு சுருளும் ஒரு துணிப் பைக்குள் தனியாக நிற்கும். பையும் பையும்தான் ஒட்டப்பட்டிருக்கும், கம்பியும் கம்பியும் தொடாது.

சமீபத்தில் அப்படி ஒன்றைப் பிரித்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு ஒரு பையை பிளேடால் கீறச் சொன்னேன். சுருள் துள்ளி வெளியே வந்தது. பையின் பக்கத்தில் நிறுத்தினால் பையைவிட நன்றாகவே உயரம். அவன் அதைத் திரும்ப உள்ளே திணிக்கப் பார்த்தான். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "அக்கா, இத்தனை ஸ்பிரிங்கையும் யாருங்க உக்காந்து உள்ள தள்ளுனாங்க?" என்றான்.

கேட்க வேண்டிய கேள்விதான். சுருளை முன்கூட்டியே அமுக்கிப் பைக்குள் அடைப்பதில்தான் அந்த மெத்தையின் உயிரே இருக்கிறது. படுக்கும் முன்பே சுருள் கொஞ்சம் விறைப்பாக நிற்பதால்தான் இடுப்பு தாங்கப்படுகிறது. ஆனால் ஒரு மெத்தைக்கு நூற்றுக்கணக்கில் சுருள்கள் வேண்டும். கையால் செய்தால் கட்டுப்படியாகாது. இதை மெஷினில் செய்து காட்டிய கம்பெனிதான் அமெரிக்காவின் சிம்மன்ஸ். அந்தக் கம்பெனியின் கதையை நான் பல வருடமாகத் துண்டு துண்டாகப் படித்து வருகிறேன். முதல் பாதியைப் படிக்கும்போது இந்தத் தொழிலில் இருப்பதற்குப் பெருமையாக இருக்கும். பின்பாதி வயிற்றெரிச்சல்.

சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவே, மிச்சிகன் ஏரிக் கரையில் இருக்கும் ஊர் கெனோஷா. விஸ்கான்சின் மாநிலம். 1828-ல் பிறந்த சால்மன் சிம்மன்ஸ் என்பவர் இளைஞராக அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார், ஒரு கடையில் வேலை பார்த்தார், பிறகு கடையையே வாங்கினார். தந்தி புதிதாகப் பரவிய காலம் அது. ஓடாது என்று பலர் கைகழுவிய ஒரு தந்திக் கம்பெனியில் பணம் போட்டு, அதை வளர்த்து, கடைசியில் அதன் தலைவராகவும் ஆனார். கெனோஷாவின் மேயராகவும் இருந்திருக்கிறார்.

1870-ல் அவர் தொடங்கிய தொழிற்சாலையில் முதலில் செய்தது மெத்தை இல்லை. பாலாடைக்கட்டி அடைக்கும் மரப் பெட்டிகளும், தந்திக் கம்பத்தில் பொருத்தும் மர இன்சுலேட்டர்களும்தான். விஸ்கான்சின் பால் பண்ணைகளின் ஊர், தந்தியோ அவருடைய சொந்தத் தொழில். இரண்டுக்கும் வேண்டியதைச் செய்தார். படுக்கைப் பக்கம் அவர் வந்தது, கம்பியால் பின்னிய படுக்கை வலைக்கான ஒரு காப்புரிமை கைக்கு வந்த பிறகு. யாரோ கொடுக்க வேண்டிய கடனுக்கு ஈடாக அது வந்தது என்று சொல்வார்கள்.

அப்போது அமெரிக்க வீடுகளில் மரச் சட்டத்தில் கயிறு கட்டி, அதன்மேல் வைக்கோலோ சோளத் தோகையோ அடைத்த மெத்தையைப் போட்டுப் படுத்தார்கள். வசதி இருந்தால் குதிரை முடி. கயிறு தொய்யும், திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும். நம் கயிற்றுக் கட்டில்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பி வலை அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் கையால் பின்னியதால் விலை அதிகம். சால்மன் சிம்மன்ஸ் 1876-ல் அதை மெஷினில் நெய்து மொத்தமாக உற்பத்தி செய்ய ஆரம்பித்தார். பல டாலர் விற்ற கம்பி வலை 1889 வாக்கில் ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்று யோசிப்பேன். என் அப்பா இலவம்பஞ்சு மெத்தை தைத்தவர். பஞ்சைக் கொட்டி, உறையில் அடைத்து, கோணி ஊசியால் மேலும் கீழும் குத்தி முடிச்சுப் போடுவார். அவர் அடிக்கடி சொன்னது, மெத்தை என்பது கல்யாணச் சீருக்கு மட்டும் வாங்கும் பொருளாக இருக்கக் கூடாது என்பது. வேலை செய்து களைத்தவன்தான் நல்ல படுக்கையில் படுக்க வேண்டும், ஆனால் அவனால்தான் வாங்க முடியவில்லை என்று வருத்தப்படுவார். அதனால் பல டாலர் பொருளை ஒரு டாலருக்குள் கொண்டு வந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அவரைப் பற்றி இன்னொரு கதை உண்டு. கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற மலை, 14,000 அடிக்கும் மேல் உயரம். தன்னுடைய இன்சுலேட்டர்கள் உச்சியில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க சால்மன் சிம்மன்ஸ் கோவேறு கழுதைமேல் ஏறிப் போனார். போய் வர இரண்டு நாள். உடம்பெல்லாம் நொந்து கீழே வந்தவர், இவ்வளவு அழகான இடத்தை மனுஷன் வசதியாக உட்கார்ந்து போய்ப் பார்க்க வேண்டாமா என்று நினைத்தார். 1889-ல் அதற்கென ஒரு ரயில் கம்பெனி தொடங்கினார். நம் ஊட்டி ரயில் மாதிரியே பல் சக்கரத்தில் ஏறும் ரயில். 1891-ல் முதல் பயணிகள் ரயில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. இறந்துபோன தன் மகன் கில்பர்ட் நினைவாகக் கெனோஷாவுக்கு ஒரு நூலகமும் கட்டிக் கொடுத்தார். அதன் வரைபடம் சிகாகோவின் பெரிய கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் போட்டது. அதுவும் அப்படியே இருக்கிறது.

1910-ல் அவர் இறந்தபின் கம்பெனி அவர் பெயரையே கொண்ட மகனிடம் வந்தது. பாக்கெட் ஸ்பிரிங் இந்த மகன் காலத்துக் கதை.

சுருளைத் துணிப் பைக்குள் அடைக்கும் யோசனை சிம்மன்ஸுடையது இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது ஜேம்ஸ் மார்ஷல் என்ற பொறியாளருடையது. இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்குக் குடிபோனவர். 1900-ஐ ஒட்டி காப்புரிமை வாங்கி, டொராண்டோவில் மெத்தை செய்ய ஆரம்பித்தார். இன்றைக்கும் நம் தொழிலில் பெரியவர்கள் பாக்கெட் ஸ்பிரிங்கை மார்ஷல் சுருள் என்று சொல்வதுண்டு. ஆனால் அவர் காலத்தில் எல்லாம் கை வேலை. பையைத் தைத்து, சுருளை அமுக்கி அடைத்து, வாயைத் தைத்து, வரிசையாகக் கட்ட வேண்டும். என் பட்டறைப் பையன் ஒரே ஒரு சுருளோடு மல்லுக்கட்டியதை நினைத்துக் கொள்ளுங்கள். பணக்காரர்களாலும் பெரிய ஹோட்டல்களாலும்தான் அதை வாங்க முடிந்தது.

சிம்மன்ஸில் ஜான் கெய்ல் என்ற பொறியாளர் இருந்தார். கம்பியைச் சுருட்டுவது, சுருளை அமுக்குவது, அமுக்கிய நிலையிலேயே துணிக்குள் தள்ளுவது ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து செய்யும் மெஷினை உருவாக்கியவர் அவர். ஒரே நீளத் துணியில் சரம் சரமாகப் பைகள் வந்து விழும். இன்றைக்குப் பெரிய ஆலைகளில் ஓடும் மெஷின்கள் எவ்வளவோ வேகமானவை, பையின் வாயை நூலுக்குப் பதிலாகச் சூட்டால் ஒட்டுபவை. ஆனால் செய்யும் காரியம் அதேதான். நான் ஒரு ஆலையில் அதன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுருள் படுத்த வாக்கில் தட்டையாக உள்ளே போய், பை மூடிய பிறகு ஒரு அடி வாங்கித் திரும்பி, நிமிர்ந்து நிற்கும். அந்த ஒரு நொடியைப் பார்க்கத்தான் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

1925-ல் சிம்மன்ஸ் இந்த மெத்தையை பியூட்டிரெஸ்ட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 39 டாலர் 50 சென்ட். மெஷின் வந்தும் அது மலிவான சாமான் இல்லை. அந்த வருடம் ஃபோர்டின் மாடல் டி காரிலேயே குறைந்த விலை வகை 260 டாலருக்குக் கிடைத்தது. ஏறக்குறைய ஆறரை மெத்தை விலைக்கு ஒரு கார். ஒரு மெத்தைக்கு இவ்வளவா என்று கேட்பவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகக் கம்பெனி விளம்பரத்தில் இறங்கியது. ஹென்றி ஃபோர்டு, எடிசன், மார்கோனி, பெர்னார்ட் ஷா, ஹெச். ஜி. வெல்ஸ் எல்லாரும் அந்த விளம்பரங்களில் வந்தார்கள். 1934-ல் அமெரிக்க அதிபரின் மனைவி எலியனோர் ரூஸ்வெல்ட் பேசிய ஒரு வானொலித் தொடருக்குப் பணம் கொடுத்ததும் சிம்மன்ஸ்தான். அவர் அந்தச் சம்பளத்தை ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

விளம்பரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர்கள் செய்த இன்னொரு செலவு. 1925 முதல் பிட்ஸ்பர்க்கில் இருந்த மெலன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குச் சிம்மன்ஸ் பணம் கொடுத்தது. ஹெச். எம். ஜான்சன் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் தூங்குகிறவர்களின் கட்டிலில் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளைப் பொருத்தினார்கள், இரவெல்லாம் படம் எடுத்தார்கள். மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடப்பதுதான் நல்ல தூக்கம் என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமான ஆள் ஒரே இரவில் இருபது, முப்பது, நாற்பது முறைகூடப் புரண்டு படுக்கிறார் என்று அவர்கள் காட்டினார்கள். புரளுவது இயல்பு என்றால், புரளும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கும் படுக்கை வேண்டும், பக்கத்தில் இருப்பவரை எழுப்பாத படுக்கை வேண்டும். தனித்தனியாக நிற்கும் சுருளுக்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது. கம்பெனிக்குச் சாதகமான முடிவுதான், அதனால் என்ன? தூக்கத்தை அளந்து பார்க்கலாம் என்று ஒரு மெத்தைக் கம்பெனி காசு செலவழித்ததே, எனக்கு அது போதும். இன்றைக்கும் கடையில் வாடிக்கையாளர் யாராவது "நான் ரொம்பப் புரளுறேன், ஏதாவது வியாதியா?" என்று கேட்டால் இந்த ஆராய்ச்சியைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1940-ல் சோபாவுக்குள் மடங்கிப் போகும் படுக்கையைக் கொண்டுவந்தார்கள். உலகப் போரில் பாராசூட் தைத்தார்கள். 1958-ல் குயின், கிங் என்ற பெரிய அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் ஊர்க் கடைகளில் 'குயின் சைஸா, கிங் சைஸா' என்று கேட்கிறோமே, அந்த அளவுகள்தான். அதே காலத்தில் கெனோஷா ஆலையை மூடியும் விட்டார்கள். ஊர் அதிலிருந்து எழுந்து நிற்கப் பல காலம் ஆயிற்று.

இனி வருவதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

1979-ல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெரிய குழுமம் சிம்மன்ஸை வாங்கியது. அங்கிருந்து கம்பெனி கை மாறிக்கொண்டே இருந்தது. 1980-களின் நடுவில் வெஸ்ரே என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கி, 1989-ல் சிம்மன்ஸ் தொழிலாளர்களுக்கான பங்குத் திட்டத்துக்கே நல்ல லாபத்தில் விற்றது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா, தொழிலாளியே முதலாளி? ஆனால் அந்தப் பங்கை வாங்கக் கடன் வாங்கியிருந்தார்கள். தொழிலாளிகளின் ஓய்வூதியம் அந்தப் பங்கின் விலையில் தொங்கியது. பங்கின் மதிப்பு விழுந்தது. வழக்கு வரைக்கும் போனது. 1991-ல் மெரில் லிஞ்ச், 1996-ல் இன்வெஸ்ட்கார்ப், 1998-ல் ஃபென்வே என்று வரிசையாக முதலீட்டு நிறுவனங்கள் வாங்கி வாங்கி விற்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாங்குபவர் பெரும்பகுதியைக் கடனாக எடுத்தார். அந்தக் கடனைத் தன் தலையில் வைத்துக்கொள்ளாமல் கம்பெனியின் தலையில் வைத்தார்.

கடைசியாக 2003-ல் தாமஸ் ஹெச். லீ பார்ட்னர்ஸ். விலை சுமார் 110 கோடி டாலர். அதில் அவர்கள் கையிலிருந்து போட்டது 32.7 கோடி. மீதி கடன். அடுத்த வருடமே புதிதாகக் கடன் பத்திரம் வெளியிட்டு 13.7 கோடி டாலரை ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டார்கள். 2007-ல் சிம்மன்ஸுக்கு மேலே வைத்திருந்த ஹோல்டிங் கம்பெனியின் பெயரில் 30 கோடி கடன் வாங்கி, அதில் 23.8 கோடியை எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் கூட்டினால் 37.5 கோடி. போட்ட 32.7 கோடி, மேலே லாபத்தோடு திரும்பி வந்துவிட்டது. கம்பெனி பிழைத்தாலும் செத்தாலும் இனி அவர்களுக்கு நஷ்டம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் குயில்டிங் மெஷின் வாங்க பாங்கில் கடன் எடுத்தோம். அந்த மெஷின் பட்டறையில் நிற்கிறது. துணி தைக்கிறது, தவணை கட்டுகிறது, இரண்டு பேருக்கு வேலை கொடுக்கிறது. கடன் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். சிம்மன்ஸின் தலையில் ஏற்றிய இந்தக் கடனில் ஒரு சுருள் கம்பிகூட வாங்கவில்லை. ஒரு ஆலைக்கு ஒரு ஓடுகூடப் போடவில்லை. அதற்கு வட்டி கட்டியது மெத்தை தைத்தவர்களின் உழைப்பு.

2008-ல் அமெரிக்காவில் வீட்டு விற்பனை சரிந்தது, மெத்தை விற்பனையும் சரிந்தது. அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1991-ல் 16.4 கோடி டாலராக இருந்த கடன் அதற்குள் 130 கோடி ஆகியிருந்தது. கடன் இல்லாத கம்பெனி ஒரு கெட்ட வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடும். நாங்களும் கொரோனா வருடத்தை அப்படித்தான் தாண்டினோம். இவர்களால் முடியவில்லை. தொழிலாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலை போனது. 2009 நவம்பரில் சிம்மன்ஸ் திவால் மனு கொடுத்தது. கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு 50 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம்.

இத்தனையும் நடந்தபோது பியூட்டிரெஸ்ட் மெத்தையில் எந்தக் கோளாறும் இல்லை. அதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். பொருள் கெட்டு, வாடிக்கையாளர் ஒதுங்கி, கம்பெனி விழுந்தால் அது தொழிலின் நியாயம். எங்கள் தெருவிலேயே அப்படி மூடிய கடைகள் உண்டு. 130 வருடத்துக்கு மேலாக நடந்த கம்பெனி, நன்றாக விற்றுக்கொண்டிருந்த மெத்தையோடு சாய்ந்தது தொழிலின் நியாயம் இல்லை. எல்லாமே சட்டப்படிதான் நடந்தது என்பார்கள். சட்டப்படி நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

திவாலுக்குப் பிறகு, செர்டா மெத்தையை வைத்திருந்த முதலீட்டாளர்கள் சிம்மன்ஸையும் வாங்கினார்கள். பழைய போட்டியாளர்கள் இருவரும் ஒரே வீட்டுக்குள் வந்து, செர்டா சிம்மன்ஸ் என்று ஆனார்கள். 2012-ல் அதன் பெரும்பங்கு அட்வென்ட் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. பெட்டியில் சுருட்டி வீட்டுக்கே அனுப்பும் ஃபோம் மெத்தைகள் வந்து சந்தையைக் கலக்கின. கடன் திரும்ப ஏறியது. 2020-ல் கடன் கொடுத்தவர்களில் ஒரு கூட்டத்தோடு மட்டும் தனியாக ஒப்பந்தம் போட்டு, அவர்களை வரிசையில் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் தள்ளப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் ஹூஸ்டனில் மறுபடியும் திவால் மனு. அந்த வருடத்துக்குள்ளேயே வெளியே வந்தார்கள். 2024 டிசம்பர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த 2020 ஏற்பாடு முதலில் போட்ட கடன் ஒப்பந்தத்தின் விதிக்குள் வராது என்று தீர்ப்புச் சொன்னது. இப்போது சிம்மன்ஸ் என்று தேடினால் மெத்தையைவிட இந்த வழக்கைப் பற்றித்தான் அதிகம் கிடைக்கிறது. கடன் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு அது ஒரு பாடமாகிவிட்டது. ஜான் கெய்ல் பெயரை அவர்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பட்டறைப் பையனிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன், மெஷின் வரைக்கும். அந்த மெஷின் ஓடும் வீடியோவைக் காட்டினேன், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பியூட்டிரெஸ்ட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது பழையது ஒன்றைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தால், சுருள் வரிசையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் காலத்தில் கம்பியின் தடிமன் குறைந்தது, எந்தக் காலத்தில் ஃபெல்ட் போய் ஃபோம் வந்தது என்று வருட வாரியாகப் பார்க்க ஆசைப்படுகிறேன்.